மேடமும் மேற்கு ஜன்னலும்

எங்கள் மேடத்துக்குச் சூரியனோடு தனிப்பட்ட பகை இருந்தது. சூரியன் தரப்பில் அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அது பாட்டுக்குக் கிழக்கே எழுந்து, கிள்ளான் பக்கம் வந்து, மாலையில் கேரி தீவுக்கு அந்தப்புறம் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. மேடம்தான் விடவில்லை. கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வாசலைத் தாண்டும்போதே கறுப்புக் குடை விரிந்துவிடும். கிள்ளானுக்கு வரும் ரயிலில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்பது அவருக்கு மனப்பாடம். நிழல் பக்கத்தில் இடமில்லை என்றால் நின்றுகொண்டே வருவார். வெயில் பக்கம் பாதிப் பெட்டி காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வேன். அதில் அவர் உட்காரும் இடத்துக் கண்ணாடிக்கு மட்டும் பழைய நாளிதழ் ஒட்டியிருக்கும்.

மலேசியாவில், கிள்ளானை அடுத்த தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்துக்கு அவர் தலைவி. எண்பதுகளின் கடைசி அது. நான் கேரி தீவு எஸ்டேட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண், அவருடைய புது அசிஸ்டென்ட்.

மேடம் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்தவராம். பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி, நுனிநாக்கு ஆங்கிலம் எல்லாம் உண்டு. கல்யாணம் மட்டும் இல்லை. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோரும் பேசினார்கள்.

இன்டர்வியூ அன்று என் சான்றிதழை ஒரு பார்வை பார்த்தார். முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"கன நேரம் வெயில்ல நிக்கிறனீரோ?"

"இல்ல மேடம். பொறந்ததே இந்தக் கலர்லதான்."

"வெயில்ல திரியாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் வெளிக்கும்."

வேலை கிடைத்துவிட்டது. வெளுப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி என்று பிறகுதான் புரிந்தது. கடலை மாவு, பாலாடை, தேசிக்காய் என்று அவர் சொல்லும் எலுமிச்சையின் சாறு என்று காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று சொல்லித் தருவார். தராசில் பொடியை நிறுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "கழுத்துக்கும் பூசும் பிள்ளை, முகத்துக்கு மட்டும் பூசினால் முகமூடி போட்ட மாதிரி இருக்கும்" என்பார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பாதி ஆயுளைக் கழித்த என் அம்மாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். "ஒங்க மேடத்த ஒரு நாளைக்கு இங்க வந்து உதிரிப் பழம் பொறுக்கச் சொல்லு. அப்புறம் பேசலாம்" என்றார் அம்மா. நான் அந்த அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் மேற்கு பார்த்த நீளமான ஜன்னல் ஒன்று உண்டு. மேடத்தின் மேசை அதன் ஒரு முனையில். மீதி நீளத்துக்கு எங்கள் வேலை மேடை. ஜன்னல் முழுக்கக் கரும்பச்சைத் திரை. உள்ளே கறுப்பு லைனிங். மேடமே வீட்டில் தைத்துக் கொண்டுவந்தது. இடுக்கு வழியாக வெயில் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டியிருப்பார். அதை யாரும் தொடக் கூடாது. ஏன் என்று கேட்டால், ரசாயனங்களுக்கு வெளிச்சம் ஆகாது என்பார். ரசாயனங்கள் எல்லாம் அலமாரிக்குள் பழுப்பு பாட்டில்களில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் கெட்டுப்போகக்கூடியதாக இருந்த ஒரே பொருள் மேடம்தான்.

புதன்கிழமைகளில் அவருக்குக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் கூட்டம். அன்றைக்கு இந்தப் பக்கம் வர மாட்டார். பாட்டில் கழுவும் சரோஜாக்கா பண்டமாரானிலிருந்து வந்து, பையை வைத்த கையோடு கிளிப்புகளைக் கழற்றிவிடுவார். "மூச்சு முட்டுது லா. சாவு வீடு மாதிரி இருட்டா வச்சிக்கிட்டு" என்று திரையை ஓர் ஓரமாக ஒதுக்குவார். வேலை முடிந்து போகும்போது பழையபடி மூடி, கிளிப்பை மாட்டிவிடுவோம். நான் சேர்வதற்கு முன்பிருந்தே நடந்துவந்த வழக்கம் அது. புதிதாக வந்த நான் அதில் தலையிடுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

மேடத்தை நிம்மதியாக வெறுக்கவும் முடியாது. ஒருமுறை மேனேஜர் கதவோரம் நின்று, "அந்த எஸ்டேட் பெண்ணை வரச்சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேடம் நிமிராமலே, "அவளுக்குப் பெயர் இருக்கிறது. பதவியும் இருக்கிறது. என்னுடைய அசிஸ்டென்ட்" என்றார். மேனேஜர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை என்னை எழுந்திருக்க விடவில்லை. மத்தியானம் தன் புட்டிலும் சம்பலிலும் பாதியை என் தட்டில் தள்ளிவிடுவார். நான் மறுத்தால், "கறுப்பாயும் மெலிவாயும் இருந்தால் ஆர் பாக்கிறது?" என்பார். புட்டுக்கு நன்றி சொல்வதா, பேச்சுக்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் சாப்பிட்டு முடிப்பேன்.

பெயின்ட் தொழிற்சாலையில் கிருமிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். டின்னில் அடைத்த பெயின்ட்டும் கெட்டுப்போகும், திறந்தால் நாறும். அதற்காகத்தான் எங்கள் பிரிவு. அந்த வருஷம் மேனேஜருக்குப் பெரிய கனவு வந்தது. சுவரில் அடித்தால் கிருமியைக் கொல்கிற பெயின்ட். கிளினிக்குகளுக்கெல்லாம் விற்றுத் தள்ளலாம் என்றார். அதற்காக ஜப்பானிலிருந்து ஒரு பொடி வந்தது. டைட்டானியம் என்ற உலோகத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடி. பெயின்ட்டுக்கு வெள்ளை நிறம் தருவதே அந்தச் சரக்குதான். கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஆனால் இது அதைவிட எத்தனையோ மடங்கு நுண்ணியது. மூடியைத் திறந்தால் புகையாக எழும். இப்போது இந்த மாதிரிச் சரக்குக்கு நானோ துகள் என்று பெயர் சூட்டி மாநாடெல்லாம் நடத்துகிறார்கள். எங்களுக்கு அது வெறும் ஜப்பான் மாவு.

சோதனை எளிமையானது. கிருமி கலந்த தண்ணீரில் மாவைக் கலக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னலோர மேடையில் பகல் முழுக்க வைப்போம். மாலையில் அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அகார் அகார் என்ற கடல்பாசி ஜெல்லித் தட்டில் தடவுவோம். விசேஷ வீடுகளில் தேங்காய்ப்பால் விட்டுக் கிளறித் துண்டு போடுவார்களே, கிட்டத்தட்ட அதேதான்; இங்கே விருந்து கிருமிகளுக்கு. உயிரோடிருக்கும் கிருமிகள் மறுநாள் அதில் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். செத்திருந்தால் தட்டு சுத்தமாக இருக்கும்.

மற்ற நாள்களில் சோதனையை மேடமே செய்தார். புதன்கிழமை மட்டும் நான் தனியாகச் செய்தேன். மேடத்தின் தட்டுகளில் கிருமிகள் கல்யாணக் கூட்டமாகப் பெருகியிருந்தன. என் தட்டுகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

முதல் வாரம் மேடம் முடிவை நோட்டில் குறித்துக்கொண்டதோடு சரி. இரண்டாவது வாரம் என் தட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ர கையில சாகாதது உம்மட கையில ஏன் சாகுது?"

"தெரியல மேடம். நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

அடுத்த வாரமும் அப்படியே ஆனது. அன்று அவர் குரல் தாழ்ந்துவிட்டது. மேடம் சத்தம் போட்டால் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"கிருமியே விடாமல், மாவுத் தண்ணியை மட்டும் ஊத்திப்போட்டு, செத்துப்போச்சு எண்டு சொல்லுறீரோ?"

"நான் ஏன் மேடம் அப்படிச் செய்யணும்?"

"வேலை இன்னும் உறுதியாகேல்லை. மேனேஜர் கேட்ட முடிவைக் காட்டினால் உறுதியாகும். எனக்கு விளங்காதெண்டு நினைச்சீரோ?"

கறுப்பு என்று சொன்னபோதெல்லாம் சிரித்து மழுப்பியிருக்கிறேன். அது கண்ணாடியில் தெரிகிற விஷயம், மறைக்க ஒன்றுமில்லை. பொய்க்காரி என்றதைச் சிரித்து மழுப்ப முடியவில்லை. என் அப்பா எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலை பார்க்கிறாள் என்று. சரியாக வேலை செய்யத் தெரியவில்லை என்று அனுப்பினால்கூட வேறு இடம் தேடலாம். முடிவைத் திரித்தவள் என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கிள்ளான் வட்டாரத்தில் எந்தப் பரிசோதனைக்கூடமும் என்னை வாசற்படி மிதிக்க விடாது. நாங்கள் பழித்துச் சிரித்த மேடத்தின் வார்த்தைக்கு வெளியே அவ்வளவு மதிப்பு இருந்தது.

"வெள்ளிக்கிழமை என்ர கண்ணுக்கு முன்னால செய்யும். சனிக்கிழமை பாப்பம். கிருமி உயிரோட இருந்தால் நான் மேனேஜரிட்டைச் சொல்லத்தான் வேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை மூடியிருந்தது. கிளிப்புகள் அட்டென்ஷனில் நின்றன. நான் ஒரு படியும் விடாமல் செய்தேன். சனிக்கிழமை காலை தட்டைத் திறந்தபோது கிருமிகள் ஒன்று விடாமல் உயிரோடு வந்து மேடத்தின் பக்கம் சாட்சி சொல்லியிருந்தன.

மேடம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "வாரும், மேனேஜரிட்டைப் போவம்" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"மேடம், நான் ஒரு தப்பும் செய்யல. ஒன்னே ஒன்னுதான். நான் செஞ்ச அன்னிக்கெல்லாம் திரை தொறந்திருந்துச்சு. நீங்க இல்லாத நாள்ல நாங்க தொறந்துதான் வைப்போம். வேணும்னா அதுக்கு என்னை வேலைய விட்டுத் தூக்குங்க. பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

சரோஜாக்கா குழாயை மூடினார். திரையைத் தொட்டதற்காக இனி என்ன நடக்குமோ என்று நான் நின்றேன். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"முழுக்கத் திறந்தனீங்களோ?"

"முழுசா மேடம்."

"கிண்ணத்தில வெளிச்சம் விழுந்ததோ?"

"மத்தியானத்துக்கு மேல நல்லாவே விழும்."

"ஒவ்வொரு புதனுமோ?"

"நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்தே" என்றார் சரோஜாக்கா, அவரை யாரும் கேட்காமலே.

மேடம் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். மேனேஜர் அறைப் பக்கம் அன்று போகவே இல்லை.

திங்கட்கிழமை மேடமே தன் கையால் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். திரை விலகியதும், அந்த அறையில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாவு கலந்த கிண்ணங்களில் பாதியைக் கறுப்புத் தாளால் சுற்றினார். மீதியைத் திறந்து வைத்தார். மாவு கலக்காத கிருமித் தண்ணீரையும் அப்படியே இரண்டு விதமாக வைத்தார். எல்லாவற்றையும் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் இறக்கினார். "சூட்டில செத்ததெண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்றார். பிறகு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேரே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், அங்க வெயில் விழும். இந்தப் பக்கம் வாங்க."

"உம்மை நம்பி விட்டிட்டுப் போகேலாது."

"அப்ப குடையாவது பிடிச்சிக்குங்க."

"குடை நிழல் கிண்ணத்தில விழும்."

நானும் எதிரே உட்கார்ந்தேன். கிண்ணங்களுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் என்னைக் காவல் காத்தார். நான் அவரைக் காவல் காத்தேன். யாருக்கும் யார் மேலும் நம்பிக்கையில்லாததால் சோதனை மிக நேர்மையாக நடந்தது.

மத்தியானத்துக்கு மேல் வெயில் கண்ணாடி வழியாக இறங்கி அவர் மடியில் விழுந்தது. பிறகு கைகளில். பிறகு முகத்தில். வியர்வையில் முகப் பவுடர் கோடு கோடாக வழிந்தது. நான் அதுவரை பவுடர் இல்லாத மேடத்தைப் பார்த்ததில்லை. அடியில் இருந்தது என் நிறம்தான். என்னைவிட ஒரு பிடி கூடுதலாகவும் இருக்கலாம்.

நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"நாங்கள் மூண்டு பேர் பொம்பிளைப் பிள்ளையள். மற்ற ரெண்டு பேரும் அம்மாவைப் போல நல்ல வெள்ளை" என்றார். கிண்ணங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னைப் பாக்க வந்தவை எல்லாரும் தங்கச்சியளைக் கேட்டிட்டுப் போச்சினம்" என்றார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. என் வேலையைப் பிடுங்கப் பார்க்கிறவர் மேல் இரக்கம் வருவது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

"கிண்ணத்தைப் பாரும். என்ர முகத்தில என்ன இருக்கு?" என்றார்.

அவர் முகத்தில் இருந்த பவுடரிலும் டைட்டானியம்தான் இருந்தது. அதைப் பிறகு டப்பாவைப் பார்த்து அவரே கண்டுபிடித்துச் சொன்னார். இந்த வெயிலைத் தடுக்கத்தான் அவர் இத்தனை வருஷம் அதைப் பூசினார். ஜப்பான் மாவோ அந்த வெயில் வந்தால்தான் வேலை செய்வேன் என்று இத்தனை வாரம் அடம் பிடித்துக் காத்துக் கிடந்தது.

மறுநாள் தட்டுகளை வரிசையாகத் திறந்தோம். மாவில்லாதவற்றில், வெளிச்சத்தில் வைத்ததிலும் இருட்டில் வைத்ததிலும், கிருமிகள் சௌக்கியமாக இருந்தன. மாவு கலந்து கறுப்புத் தாளில் சுற்றி வைத்ததிலும் சௌக்கியம். மாவும் வெளிச்சமும் சேர்ந்து பட்ட கிண்ணங்களின் தட்டுகள் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. மேடம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

"நீர் பொய் சொல்லேல்லை" என்றார்.

அவ்வளவுதான். நான் நின்றேன். அதற்கடுத்து வழக்கமாக மனிதர்கள் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்காகக் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தேன். மேடம் தட்டுகளைக் கழுவப் போடச் சொன்னார்.

மேனேஜர் வந்து விவரம் கேட்டார். "அப்படியானால் யார் மேல் தப்பு? உங்கள் மேலா, இந்தப் பெண் மேலா?" என்றார்.

"திரை மேல்" என்றார் மேடம்.

ஆக, வேலை போனது திரைக்கு. மேடைப் பக்கத்துத் திரையை அன்றே கழற்றிக் கொடுத்துவிட்டார். சரோஜாக்கா அதைப் பண்டமாரானுக்குக் கொண்டுபோய்த் தன் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு உறை தைத்தார். மேடத்தின் மேசைக்கு நேரே இருந்த துண்டு மட்டும் அப்படியே இருந்தது, கிளிப்போடு. காலையில் அதை ஒதுக்கி வைத்திருப்போம், மத்தியானத்துக்கு மேல் மூடச் சொல்வார். மேனேஜரின் பெயின்ட்டுக்கும் வேலை போனது. இருட்டறையில் இது ஒன்றும் கொல்லாது, வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று மேடம் ஒற்றைக் காலில் நின்றார். பகலில் மட்டும் கிருமி சாகும் என்று சொல்லி எந்தக் கிளினிக்குக்கு விற்பது? மேனேஜர் அந்த மாவு டின்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வேலை உறுதியானது. மேடத்துக்கு ஒரு பக்கக் கன்னம் கறுத்துப்போனது. கோயிலில் யாரோ கேட்டுவிட்டார்களாம், சரியாக ஒரு மாதத்துக்குக் கடலை மாவு, பாலாடை, தேசிக்காய் எல்லாம் அவருக்கே தேவைப்பட்டன. குடையும் பழைய குடைதான். ரயிலிலும் நிழல் பக்கம்தான். ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்ததால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்பதெல்லாம் கதைகளில் வருவது. எனக்கான வைத்தியக் குறிப்புகளும் நிற்கவில்லை. மன்னிப்பு என்ற அந்த வார்த்தையை அவர் சொல்லவும் இல்லை. நானும் அதை மனதில் வைத்துக்கொண்டு, அவர் திரையை மூடச் சொல்லும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மூடினேன். அவர் காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் மேனேஜர் கையில் பாட்டிலோடு கோபமாக வந்தார். பெயின்ட் சாம்பிள் ஒன்று நுரைத்துக் கெட்டுப்போயிருந்தது. சரோஜாக்கா பாட்டிலை அலசாமல் சோப்போடு வைத்துவிட்டார் என்றார். "நான் நல்லாத்தான் அலசினேன் பாஸ்" என்றார் சரோஜாக்கா. பொய் சொல்லாதே என்று மேனேஜர் மலாயில் கத்தினார். சரோஜாக்காவின் முகம் எனக்குத் தெரிந்த ஒரு முகமாக மாறியது. ஒரு சனிக்கிழமை காலை என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மேடம் எழுந்தார். மேனேஜருக்கும் சரோஜாக்காவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"அலசினேன் என்று அவர் சொல்கிறார். அலசிய தண்ணீரைப் பார்த்தீர்களா? டின்னைப் பார்த்தீர்களா? அன்றைக்கு வேறு என்ன மாறியிருந்தது என்று கேட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில், மெதுவான குரலில் கேட்டார். "இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருவரைப் பொய்யர் என்று சொல்லுங்கள். பார்க்காமல் நான் ஒருமுறை சொன்னேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம்."

மேனேஜர் பாட்டிலோடு திரும்பிப் போனார். சரோஜாக்கா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். மேடம் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமலே மேசையில் எதையோ தேடினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? திரையை மூடும், வெயில் வருது" என்றார்.

அன்று நான் முணுமுணுக்காமல் போய் மூடினேன். கிளிப்பையும் மாட்டினேன்.